யாரோ சுட்ட பஜ்ஜி

மழைக்காலம் என்றாலே சூடான பஜ்ஜி என்று முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது. அதைச் சுட்டவராக இருக்க முடியாது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

இந்த ஐப்பசியோடு எனக்கு 57 முடிகிறது. இத்தனை மழைக்காலங்களில் பாதிக்கு மேல் அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்த்ததுதான். மழையை மழையாகப் பார்க்கத் தொடங்கியது இந்த நாலைந்து வருடமாகத்தான் என்று சொன்னால், "ஏன், உங்கள் ஊரில் அதற்கு முன்னால் மழையே இல்லையா?" என்று கேட்கிறார்கள். இருந்தது. நிறையவே இருந்தது. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. டெல்டாக்காரர்களுக்கு இதைப் புள்ளிவிவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த துணி காயாததை வைத்தே தெரியும்.

போன வாரம் சென்னையிலிருந்து பேத்தி ஒரு படம் வரைந்து போனில் அனுப்பியிருந்தாள். பள்ளியில் வரையச் சொன்னார்களாம், இலையுதிர் காலம். ஒரு மொட்டை மரம், அடியில் செம்மஞ்சள் இலைகள். "பாட்டி, உங்க ஊர்ல இப்ப இலை விழுதா?" என்று கேள்வி வேறு. விழுகிறது. மழை பெய்தால் முருங்கை இலை பழுத்துக் கொட்டுகிறது, அடிமரத்தில் கம்பளிப்பூச்சி போர்வை போர்த்திய மாதிரி அப்பிக்கிடக்கிறது. அதை வரைந்து கொடுத்தால் டீச்சர் என்ன மதிப்பெண் போடுவார் என்று தெரியவில்லை. நம் பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். இலையைப் பார்த்து வைத்த பெயரில்லை, உடம்பில் உறைக்கும் குளிரைப் பார்த்து வைத்த பெயர்.

அந்தக் கூதிர் என் அம்மாவுக்கு என்னவாக இருந்தது என்று யோசித்தால், முதலில் ஞாபகம் வருவது நெருப்புப் பெட்டி. மழை பிடித்துக்கொண்டால் அம்மா அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிடுவாள். வெளியில் இருந்தால் நமுத்துவிடும். நமுத்தால் பக்கத்து வீட்டுக்கு நெருப்பு கேட்டுப் போக வேண்டும், அந்த வீட்டிலும் பெட்டி நமுத்துத்தான் இருக்கும். கல் உப்பு ஜாடியில் தண்ணீராக நிற்கும். விறகு பரணில் இருந்தாலும் ஈரம் ஏறியிருக்கும். புரட்டாசி வெயிலிலேயே வறட்டியைக் காயவைத்து அடுக்கி, மேலே பன்னாடையும் மட்டையும் போட்டு மூடியிருப்பாள். கார்த்திகை பாதியிலேயே அதெல்லாம் தீர்ந்துவிடும். பிறகு ஊதுகுழல்தான். புகையில் கண் சிவந்து, ஊதி ஊதிக் கன்னம் வலித்து ஒரு உலை கொதிப்பதற்குள் நாங்கள் நாலு பேரும் "பசிக்குது" என்று இருபது தடவை சொல்லியிருப்போம்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்போது தஞ்சாவூர் மாவட்டம், இப்போது திருவாரூர் மாவட்டம். முன்கட்டு ஓடு, பின்கட்டு கீற்று. ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்திருப்போம். அலுமினியக் குண்டான் ஒரு சத்தம், பித்தளைத் தவலை ஒரு சத்தம், மண்சட்டி ஒரு சத்தம். எங்களுக்கு அது கச்சேரி. நிரம்புவதற்குள் எடுத்துக் கொட்ட இரவில் மூன்று முறை எழுந்தவளுக்கு அது கச்சேரியாகக் கேட்டிருக்குமா என்று இப்போதுதான் தோன்றுகிறது.

துணி காய வைப்பது தனிப் பாடு. தம்பி கைக்குழந்தை. குமுட்டியில் கரி போட்டுத் தணலாக்கி, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் அவனுடைய துணிகளைப் பரப்புவாள். கொஞ்சம் சாம்பிராணியும் தூவுவாள். கருகாமல் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு துணி காய்வதற்குள் அவன் இரண்டு நனைத்திருப்பான். சாம்பிராணி மணக்கும் அந்த வீட்டை நினைத்து உருகி எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அவற்றில் கூடை வரும், மணம் வரும், திருப்பிப் போட்ட கை வராது.

இன்னொரு துணியும் உண்டு. பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்காமல் எழுதிவிடுகிறேன். மாதவிலக்குத் துணியைத் துவைத்துக் காயவைக்க வெயிலும் வேண்டும், மறைவும் வேண்டும். ஐப்பசியில் வெயில் இல்லை. பன்னிரண்டு பேர் புழங்கும் வீட்டில் மறைவு எந்த மாதத்திலும் இல்லை. பாவாடைக்கு அடியில் போட்டுக் காய்ந்தும் காயாமலும் எடுத்து உடுத்தித் தொடை புண்ணாகிப்போன பெண்கள் என் தெருவிலேயே இருந்தார்கள். அதிகாலை இருட்டில் வரப்போரம் ஒதுங்கப் போனால் மழைத் தண்ணீரில் பாம்பு. இத்தனைக்கும் நடுவில் "அடடா, என்ன மழை" என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சொல்வார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே நல்ல மழைதான், சம்பா நட்டிருந்தது.

வயல் நண்டைச் சொல்லாமல் இந்தப் பருவத்தைச் சொல்ல முடியாது. மழை விட்ட சமயத்தில் பையன்கள் வரப்பு வளைகளில் கைவிட்டுப் பிடித்து வருவார்கள். அம்மா ஓட்டோடு உரலில் இடித்து, சாறு வடிகட்டி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்பாள். சளியும் இருமலும் ஓடிப்போகும். இன்று அந்த ரசத்தை நான் ஆசையாக வைக்கலாம், மிக்சி இருக்கிறது. நண்டுதான் இல்லை. வயலுக்கு மருந்தடிக்கும் பழக்கம் வந்த பிறகு வளைகள் வெறுமையாகிவிட்டன. அந்தக் காலத்திலிருந்து எதையாவது திரும்பக் கேட்கலாம் என்றால் நான் கேட்பது அந்த நண்டை. உரலைக் கேட்க மாட்டேன்.

1977-இல் தீபாவளி முடிந்த ஓரிரு நாளில், நவம்பர் 12 அன்று, நாகப்பட்டினத்தில் புயல் கரையேறியது. எனக்கு ஒன்பது வயது. பின்கட்டுக் கீற்று மொத்தமாகப் பறந்துபோய் யார் வீட்டுக் கொல்லையிலோ விழுந்தது. நாங்கள் முன்கட்டு மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் அம்மா செய்த முதல் வேலை, அரிசிப் பானையைத் திறந்து நெருப்புப் பெட்டியைப் பார்த்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அம்மாவுக்கு நியாயமில்லை. அவளுக்கும் அந்த மழையில் ஒரு பத்து நிமிடம் இருந்தது.

கொல்லையில் பீர்க்கம் பந்தல் உண்டு. ஆடியில் விதை போட்டால் புரட்டாசி, ஐப்பசியில் பந்தல் நிறையப் பூ. பீர்க்கு பல பூக்கள் மாதிரி காலையில் பூக்காது; பொழுது சாயும்போதுதான் விரியும். மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள், மூட்டத்தில் விளக்கேற்றியது போல இருக்கும். அடைமழை நாளில் மூன்று மணியும் ஆறு மணியும் ஒரே இருட்டு. விளக்கு வைக்க நேரமாகிவிட்டதா என்று தெரிய அம்மா கொல்லைக் கதவைத் திறந்து, நிலைப்படியில் உட்கார்ந்து, பந்தலைப் பார்ப்பாள். கையில் சுக்குக் காப்பி. பூ விரிந்திருந்தால் எழுந்து வந்து விளக்கேற்றுவாள்.

தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் படித்தபோது நெடுநல்வாடை பாடமாக இருந்தது. நக்கீரர் பாடியது, பத்துப்பாட்டில் ஒன்று, முழுக்க இந்தக் கூதிர் காலம்தான். அதில் வரும் பெண்களும் மழை மூட்டத்தில் பொழுது தெரியாமல், தட்டில் வைத்த பிச்சி அரும்பு விரிந்து மணப்பதை வைத்து மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். விசிறி சும்மா தொங்குகிறது, சந்தனக்கல் சும்மா கிடக்கிறது, குளிர்ந்த நீரை யாரும் தொடுவதில்லை. அந்தப் பாட்டில் பீர்க்கம்பூவும் இருக்கிறது, பொன் நிறத்தில். படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். நக்கீரரை அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளும் பூவைப் பார்த்துத்தான் விளக்கு வைத்தாள்.

அந்தப் பெருமையோடு நெடுநாள் இருந்தேன். ஒருநாள் இடித்தது. எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் இருந்ததே! கூடத்தில், மணிக்கு மணி டங் டங் என்று அடிக்கும். பிறகு எதற்குப் பூ? அம்மா இப்போது எண்பது தாண்டி என்னோடுதான் இருக்கிறாள். கேட்டேன்.

"கடியாரம் உள்ள இருந்துச்சு" என்றாள். "உள்ள நின்னா யாராச்சும் கூப்புடுவாங்கல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். பயறு உடைப்பதில் மறுபடி இறங்கிவிட்டாள்.

இனி என் பங்கு. மன்னார்குடிக்கு வந்து சேர்ந்தது கல்யாணமாகி. கான்கிரீட் வீடு. ஒழுகாது, ஆனால் ஓதம் காக்கும். சுவரில் ஆண்டுதோறும் புதுப்புது வரைபடம். கேஸ் இணைப்புக்கு எழுதி வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வந்த அன்று அடுப்பைப் பற்றவைத்து, வைப்பதற்கு ஒன்றுமில்லாமல், நீலச் சுடரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மிக்சி தவணையில் வாங்கியது. 2011-இல் அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது இரண்டாவதாக ஒன்று வந்தது. துவைக்கும் மெஷின் மகன் வேலைக்குப் போன பிறகு. அது சுற்றிப் பிழிந்து தருவதில் பாதி ஈரம் போய்விடுகிறது. மீதிக்கு ஃபேனடியில் கொடி. இந்தப் பட்டியலை யாரும் கவிதையில் வைக்க மாட்டார்கள். எனக்கென்னவோ என் மழைக்கால இன்பத்தின் அஸ்திவாரம் இதுதான்.

அஸ்திவாரம் எவ்வளவு சன்னம் என்பது 2018-இல் தெரிந்தது. நவம்பர் 16 விடிகாலை கஜா புயல். வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவில் கரையேறி எங்கள் பக்கமாகத் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டே போனது. கரண்ட் நாள்கணக்கில் இல்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக வந்து, காசு வாங்கிக்கொண்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டார்கள். நான் மூலையில் கிடந்த அம்மியைக் கழுவி மிளகாய் அரைத்தேன். மூன்றாம் நாள் இடுப்பு நிமிரவில்லை. "அந்தக் காலத்துச் சாப்பாட்டு ருசியே தனி" என்று பேசுகிறவர்கள் யாரும் அந்த வாரம் எங்கள் தெருவில் அதைச் சொல்லவில்லை.

மழை வரப்போவது தெரிவதிலும்தான் எத்தனை மாற்றம். தட்டான் தாழப் பறந்தால், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறினால் அம்மாவுக்குச் செய்தி. அப்பாவுக்குத் திருச்சி வானொலி. எனக்குக் கைப்பேசி: காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை. தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் மழைக்காலத்தில் ஒரே கேள்விதான்: "நாளைக்கு லீவா?" கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பள்ளி போகும் வயதில் பிள்ளைகளே கிடையாது. லீவு என்ற சொல்லைக் கேட்பதிலேயே ஒரு சுகம் இருக்கிறது போலிருக்கிறது.

சின்னச் சின்ன சுகங்கள் எனக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. காலையில் வாசலில் கொட்டிக்கிடக்கும் பவழமல்லி; குனிந்து பொறுக்க அவசரமில்லை. கார்த்திகையில் டிசம்பர் பூ வந்துவிடும்; வாசமில்லாத பூ என்று மாமியார் தொடமாட்டார், நான் தொடுத்து வைத்துக்கொள்கிறேன். மத்தியானம் மழைச் சத்தத்தில் போர்வைக்குள் அரை மணி நேரத் தூக்கம். முன்பெல்லாம் பகலில் படுத்தால் "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். இப்போது கேட்க ஆளில்லை. அதில் சுகமும் இருக்கிறது, கொஞ்சம் வெறுமையும் இருக்கிறது. எது அதிகம் என்பது நாளைப் பொறுத்தது.

இருந்தாலும் எனக்கு மழையைத் திறந்துவிட்டது வீட்டுக்குள் வந்த எதுவுமில்லை. பஸ்.

2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரி, ரேஷன், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று வேலைக்குத்தான் ஏறினேன். சிலர் ஓசி பஸ் என்று கேலி பேசியது உறுத்தியது. அடுத்த கார்த்திகையில் ஒருநாள், பக்கத்து வீட்டு அக்கா, "வடுவூர் ஏரிக்குப் பறவை வந்திருக்காம், போவோமா?" என்றார். எதற்கு என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் பிடித்த மழை விடவில்லை. டீக்கடை ஓரம் ஒதுங்கினோம். வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. கடைத் தம்பி எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில், "பார்சலாம்மா?" என்றான். பெண்கள் டீக்கடையில் வாங்கினால் வீட்டுக்குத்தான் இருக்கும் என்று அவனுக்கும் ஒரு கணக்கு. "இல்ல தம்பி, இங்கயே" என்றேன். தினத்தாள் துண்டில் இரண்டு வைத்துக் கொடுத்தான். நின்றுகொண்டே சாப்பிட்டேன். நாக்கு சுட்டது. உப்பு கொஞ்சம் தூக்கல். யாரோ சுட்டுக் கொடுத்து, யாருக்கும் எடுத்து வைக்காமல், ஆறிப்போவதற்குள் நான் தின்ற முதல் மழைக்கால பஜ்ஜி அதுதான். அப்போது வயது 53.

பஸ்ஸில் எல்லோரும் ஷட்டரை இறக்கச் சொல்லிச் சத்தம் போட, நான் மட்டும் இரண்டு விரல்கடை திறந்து வைத்துக்கொண்டேன். கண்டக்டர் காசில்லாத சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் சம்பா, தண்ணீரில் நின்றது. அந்த வழியில் நூறு முறை போயிருப்பேன்; கூடையோ குழந்தையோ மடியில் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

வடுவூர் ஏரி பாசன ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தப் பெயரெல்லாம் எனக்குப் பிற்பாடு பலகையைப் படித்துத் தெரிந்தது. பறவைகளைப் பலகை இல்லாமலே தெரிந்தது. நத்தைகுத்தி நாரை அலகு நடுவில் இடைவெளியோடு நின்றது; சின்ன வயதில் எங்கள் வயலில் நடவாட்களுக்குப் பின்னாலேயே நடக்கும். கூழைக்கடா தொண்டைப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மணமேடைச் சம்பந்தி மாதிரி மிதந்தது. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டியது. பொழுது சாயும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். கும்பல் கும்பலாக வயல்களிலிருந்து திரும்பி வரும். எந்த மரம் யாருக்கு என்று ஒரே சண்டை. கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தோம். புடவைக் கரை நனைந்தது. நனைந்ததற்கு யாரும் வைய மாட்டார்கள் என்பது நினைவுக்கு வரச் சற்று நேரமாயிற்று.

வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள், "என்னடி வாங்கப் போனே?"

"ஒன்னும் வாங்கலம்மா. சும்மாதான்."

சும்மா என்பதை அவள் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இப்போது வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போகிறேன். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வருகிறது. பாதிக்கு மேல் மருந்துக்கும் பேத்திக்கும் போகிறது, பஜ்ஜிக் காசை அதிலிருந்து எடுத்து வைத்துவிடுகிறேன். போன கார்த்திகையில் அம்மாவையும் கூப்பிட்டேன். படி உயரம்தான், தூக்கி ஏற்றிவிடலாம், கண்டக்டர் நல்ல மனிதர், குடை பெரிது என்றெல்லாம் சொன்னேன்.

"நீ போயிட்டு வா" என்றாள். "நான் நனஞ்சது போதும்."

மாடியில் ஒரு பையில் மண் நிரப்பிப் பீர்க்கு போட்டிருக்கிறேன். கம்பியில் ஏற்றிவிட்ட கொடியில் இந்த வாரம்தான் முதல் பூ. மழை இல்லாத மாலையில் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டுகிறேன். நான் பக்கத்தில் நின்று ஏதாவது பேசப் போனால், கையை மட்டும் லேசாக அசைக்கிறாள். இறங்கி வந்துவிடுகிறேன்.

வடுவூர் போக நினைப்பவர்கள் கார்த்திகை பிறக்கட்டும் என்று காத்திருங்கள், அப்போதுதான் ஏரியும் நிறைந்திருக்கும், பறவையும் நிறைந்திருக்கும். சன்னலோரம் வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிவிடுங்கள். பறவைகள் அடைவதைப் பார்த்துக்கொண்டு நேரம் போவது தெரியாது. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.